ஐந்து வருட வட்டி ஒரே நாளில் கைக்கு வந்தால், வரி எந்த வருடத்துக்கு?

கேள்வியின் சுருக்கம் இது. அப்பா ஓய்வுபெற்றவர், வயது அறுபதைத் தாண்டியவர். 2021 மார்ச் கடைசி வாரத்தில் ஒரு வங்கியில் 15 லட்சம் ரூபாயை 6.2 சதவீத வட்டிக்கு ஐந்து வருட குமுலேட்டிவ் டெபாசிட்டாக, அதாவது வட்டியும் அசலோடு சேர்ந்து முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் வகையில், போட்டார். 2026 மார்ச்சில் அது முதிர்ந்து ஏறக்குறைய 20 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயாகக் கைக்கு வந்தது. நடுவில் ஒரு ரூபாய்கூட வட்டியாக வரவில்லை என்பதால் எந்த வருட ரிட்டர்னிலும் இந்த வட்டியைக் காட்டவில்லை. வங்கியோ வருடாவருடம் டிடிஎஸ், அதாவது வட்டியிலிருந்து முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடித்திருக்கிறது. பென்ஷன் இப்போது மாதம் 70,000. முந்தைய வருடங்களில் பழைய வரி முறை, 20 சதவீத அடுக்கு. 5 லட்சத்து 40 ஆயிரம் வட்டியையும் இந்த வருடமே காட்ட வேண்டுமா, வரி எவ்வளவு, ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ் என்ன ஆகும்?

முதலில் நேரடியான பதில். பணம் மொத்தமாக வந்தது என்பதற்காக வருமானமும் மொத்தமாக இந்த வருடத்தில் வந்துவிட்டதாக ஆகாது. வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை வட்டியை வருடாவருடம் பிரித்துக் காட்டுவதுதான் நல்ல வழி, பெரும்பாலும் மலிவான வழியும் அதுதான். உங்கள் அப்பா விஷயத்தில் நான்கு வருடங்கள் கடந்துவிட்டன என்பதால் கொஞ்சம் வேலை இருக்கிறது, ஆனால் வழி அடைபடவில்லை.

வருமான வரிச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு, வட்டி போன்ற 'இதர வருமான'த்துக்கு இரண்டு கணக்கு முறைகளை அனுமதிக்கிறது. ஒன்று, பணம் கைக்கு வந்தபோது காட்டுவது. மற்றொன்று, கைக்கு வராவிட்டாலும் சேரச் சேர அந்தந்த வருடத்தில் காட்டுவது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்ததை ஒழுங்காகத் தொடர வேண்டும். வரி குறைவாக வரும் வருடத்தில் ஒன்று, அதிகமாக வரும் வருடத்தில் இன்னொன்று என்று தாவ முடியாது. ஒரு வங்கியின் டெபாசிட்டுக்கு ஒரு முறை, பக்கத்து வங்கியின் டெபாசிட்டுக்கு வேறு முறை என்று வைத்துக்கொள்வதும் வம்பை வரவழைக்கும்.

சட்டம் இப்படிச் சொன்னாலும், நடைமுறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வங்கி தன் புத்தகத்தில் வருடாவருடம் வட்டியை ஏற்றிவிடுகிறது. அதன்மேல் டிடிஎஸ் பிடிக்கிறது. அந்தத் தொகை, பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இலும் ஏஐஎஸ் என்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கையிலும் அந்தந்த வருடத்தின் கீழ் போய் உட்கார்ந்துவிடுகிறது. துறையின் கணினிக்கு உங்கள் அப்பாவுக்கு 2021–22-இலேயே வட்டி வந்துவிட்டது. அவர் காட்டவில்லை என்றால் அதற்குத் தெரிவது 'விடுபட்ட வருமானம்' மட்டும்தான். கைக்கு வரும்போது காட்டுவேன் என்ற முறையைப் பின்பற்றுகிறேன் என்று பதில் எழுதலாம், எழுதினால் சட்டப்படி நிற்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க ஓய்வுபெற்ற மனிதருக்கு என்ன தலையெழுத்து?

இனி எண்களுக்கு வருவோம். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்ற வழக்கமான கணக்கில், 15 லட்சத்துக்கு 6.2 சதவீத வட்டி வருடவாரியாக உத்தேசமாக இப்படிச் சேர்ந்திருக்கும்: 2021–22-இல் 95,000, அடுத்த வருடம் 1,01,000, பிறகு 1,08,000, 2024–25-இல் 1,14,000, கடைசியாக 2025–26-இல் 1,22,000. கூட்டினால் 5,40,000. டிடிஎஸ் 10 சதவீதம் என்பதால் மொத்தம் 54,000 அளவுக்குப் பிடித்திருப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ். அதற்கு முன் அந்த வரம்பு 50,000. உங்கள் அப்பாவுக்கு எல்லா வருடமும் வரம்பைத் தாண்டிவிட்டது.

முழுத் தொகையையும் 2025–26-இல் காட்டினால் என்ன ஆகும்? பென்ஷன் 8,40,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 7,65,000. அதனுடன் வட்டி 5,40,000 சேர்ந்தால் 13,05,000. இந்த இடத்தில்தான் அடி விழுகிறது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாமல் ஆக்கும் 87ஏ ரிபேட் என்கிற வரித் தள்ளுபடி, 12 லட்சத்தைத் தாண்டிய உடனே போய்விடுகிறது. அப்புறம் 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, அதற்கு மேல் உள்ள 1,05,000-க்கு 15 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 75,750. வரியின் மேல் போடும் நான்கு சதவீத செஸ் சேர்த்து 78,780. கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு நிவாரணம் உண்டு, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினாரோ அந்தத் தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்பது அது. இங்கே தாண்டியதே ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் அது உதவாது.

அதே 2025–26-இல் அந்த வருடத்து வட்டி 1,22,000-ஐ மட்டும் காட்டினால் மொத்தம் 8,87,000. வரி பூஜ்யம். அந்த வருடம் பிடித்த 12,200 டிடிஎஸ் திரும்பியும் வரும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் வட்டி விகிதம் அல்ல, 12 லட்சம் என்கிற அந்தக் கோடுதான். மொத்தமாக வரும் வட்டி எப்போதும் இப்படித்தான்: வழக்கமான வருடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆளை ஒரே ஒரு வருடம் அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

முந்தைய நான்கு வருடங்களில் ஒழுங்காகக் காட்டியிருந்தால் என்ன வந்திருக்கும்? பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கு 80டிடிபி பிரிவில் வைப்பு வட்டிக்கு 50,000 வரை கழிவு உண்டு. அது முழுதும் இந்த டெபாசிட்டுக்கே மிச்சமிருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 45,000-க்கு மட்டும் வரி, 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 9,360. பிடித்த டிடிஎஸ் 9,500. பாக்கியே இல்லை! அடுத்தடுத்த வருடங்களில் 10,608, 12,064, 13,312. டிடிஎஸ் போக அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து நாலாயிரத்துக்கும் குறைவாகத்தான் கையிலிருந்து கட்ட வேண்டி வந்திருக்கும்.

சரி, அது கடந்துபோனது. இப்போது என்ன செய்வது? இதற்கு நீங்கள் முதலில் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியில் அது இல்லை. வட்டியைக் காட்டாத அந்த ரிட்டர்ன்களில், அந்த வட்டிமேல் பிடித்த டிடிஎஸ்-ஸை மட்டும் தன் வரியில் கழித்து எடுத்துக்கொண்டாரா? ரிட்டர்ன் போர்டலில் டிடிஎஸ் விவரம் தானாகவே நிரம்பி வந்துவிடும். பலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், ரீஃபண்டும் வந்திருக்கும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எந்த வருடம் வருமானம் வரிக்கு உட்படுகிறதோ அந்த வருடம்தான் அதன் டிடிஎஸ்-ஸுக்கும் உரிமை என்பது 37பிஏ விதி. வருமானத்தைப் பிறகு காட்டுகிறேன், டிடிஎஸ்-ஸை இப்போதே கொடு என்று கேட்க முடியாது. டிடிஎஸ்-ஸை எடுத்துக்கொண்ட பிறகு 'நான் கைக்கு வரும்போது காட்டும் முறை' என்று சொன்னால் அந்த வாதத்துக்குக் கால் இல்லை.

அவர் டிடிஎஸ் எடுத்திருந்தால், நேர்மையான வழி ஐடிஆர்-யு, அதாவது புதுப்பித்த ரிட்டர்ன். 2022-இல் வந்த இந்த வசதிக்கு முதலில் இரண்டு வருடக் கெடு இருந்தது. 2025 பட்ஜெட் அதை நான்கு வருடமாக நீட்டியது. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும். எனவே 2021–22 நிதியாண்டுக்கு 2027 மார்ச் 31 வரை கதவு திறந்திருக்கிறது, மற்ற மூன்றுக்கும் அதற்குப் பிறகும் நேரம் உண்டு. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு: கட்ட வேண்டிய வரியும் அதன் வட்டியும் சேர்ந்த தொகைமேல் முதல் வருடத்தில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று கூடுதல் வரி ஏறும். 2026–27-க்குள் நான்கையும் போட்டால், 2021–22-க்கு 70, அடுத்ததற்கு 60, அதற்கடுத்து 50, 2024–25-க்கு 25. மேலே சொன்ன எண்களில் வரி 45,300 சொச்சம், கூடுதல் வரி 22,300 சொச்சம், ஆக 67,600. தண்டம் கட்டிய பிறகும் 78,780-ஐவிடக் குறைவு! ரிட்டர்ன்களைக் கெடுவுக்குள் போட்டிருந்தார், பிசினஸ் வருமானம் இல்லாத மூத்த குடிமகன் என்பதால் வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸும் கிடையாது என்ற அனுமானத்தில் தாமத வட்டியை நான் சேர்க்கவில்லை.

டிடிஎஸ்-ஸை எடுக்கவே இல்லை என்றால் நிலைமை இன்னும் சுலபம். ஐடிஆர்-யுவில் முன்பு கேட்காத டிடிஎஸ்-ஸை இப்போது கழித்துக்கொள்ளலாம். கூடுதல் வரி, டிடிஎஸ் போன பாக்கிமேல்தான். மூன்று வருடங்களுக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் சுற்றி முடிந்துவிடும். 2021–22 மட்டும் இடிக்கும்: டிடிஎஸ் வரியைவிட அதிகமாக இருப்பதால் கட்ட எதுவும் இல்லை, கட்ட எதுவும் இல்லாத ரிட்டர்னை ஐடிஆர்-யு ஏற்காது. அதை அப்படியே விட்டுவிட்டு, கணக்கு எழுதிய தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். துறை கேட்டால், வரி முழுதும் டிடிஎஸ்-ஸாகவே அரசிடம் போய்விட்டது என்று காட்டலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, டிடிஎஸ் எடுக்காதவர்களுக்கு மட்டும். உண்மையிலேயே அப்பா எல்லா வைப்புகளிலும் கைக்கு வந்தபோதுதான் வட்டி காட்டிவருகிறார் என்றால், 5,40,000-ஐயும் 2025–26-இல் காட்டி, 54,000 டிடிஎஸ்-ஸையும் சேர்த்துக் கேட்கலாம். ஐடிஆர்-2 படிவத்தின் டிடிஎஸ் அட்டவணையில் முந்தைய வருடத்திலிருந்து கொண்டுவந்தது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது என்று தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், முந்தைய ரிட்டர்ன்களில் 'கொண்டுபோகிறேன்' என்று எழுதாமல் இப்போது திடீரென்று கேட்டால் கணினி முதல் சுற்றில் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். திருத்த மனு, பதில், காத்திருப்பு என்று நீளும். வரியும் 78,780. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத் தொடமாட்டேன்.

'சம்பள பாக்கி மொத்தமாக வந்தால் 89-ஆம் பிரிவில் நிவாரணம் கேட்கிறோமே, படிவம் 10இ போட்டு? அதுபோல வட்டிக்கும் கேட்கலாமா?' என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடியாது. 89 சம்பளத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்குமானது. வட்டிக்கு அந்தக் கதவு இல்லை. சேரச் சேரக் காட்டும் முறைதான் வட்டிக்குச் சட்டம் தந்திருக்கும் நிவாரணம், அதை வருடாவருடம் பயன்படுத்தாமல் விட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை.

அஞ்சலக சேமிப்புப் பத்திரமான என்எஸ்சி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், இரண்டு வித்தியாசங்களோடு. அதில் டிடிஎஸ் கிடையாது, அதனால் வரியே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரி உண்டு. இரண்டாவது, முதல் நான்கு வருட வட்டி மறுமுதலீடாகக் கருதப்படுவதால் பழைய முறையில் இருப்பவர்கள் அதை வருமானமாகக் காட்டிவிட்டு அதே தொகையை, சேமிப்புக்கான கழிவு தரும் 80சி பிரிவில் கழித்துக்கொள்ளலாம். ஐந்தாவது வருட வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் அது மறுபடி முதலீடாவதில்லை, கைக்கு வருகிறது. 7.7 சதவீதத்தில் ஒரு லட்சம் போட்டால் முதிர்வில் 1,44,900 கிடைக்கும். இந்த 44,900-ஐ வருடாவருடம் காட்டாமல் கடைசியில் மொத்தமாகக் காட்டுபவர், நான்கு வருட 80சி கழிவையும் சேர்த்தே இழக்கிறார். கிசான் விகாஸ் பத்திரத்துக்கு அந்த 80சி சலுகையும் கிடையாது. வங்கியின் ஐந்து வருட வரிசேமிப்பு டெபாசிட்டில் போட்ட பணத்துக்குத்தான் கழிவு, வட்டிக்கு முழு வரி. பிபிஎஃப், செல்வமகள் திட்டம் இரண்டிலும் வட்டிக்கு வரி இல்லை, எத்தனை வருடம் கழித்து மொத்தமாக எடுத்தாலும்.

இதுவரை சொன்னதெல்லாம் நேர்மாறாகத் திரும்பும் இடம் ஒன்று உண்டு: நிலம் கையகப்படுத்தலில் கோர்ட் மூலம் வரும் வட்டி. நெடுஞ்சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் கொடுத்துவிட்டு, தொகை போதாது என்று வழக்குப் போட்டு, பத்து பன்னிரண்டு வருடம் கழித்துக் கூடுதல் இழப்பீடும் அதன்மேல் வட்டியும் வாங்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. ஒரு காலத்தில் இந்த வட்டியையும் வருடவாரியாகப் பிரித்துத்தான் வரி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பழைய வருடக் கோப்புகளையெல்லாம் திறக்க வேண்டிய அந்தத் தலைவலியைத் தீர்க்க 2009-இல் சட்டத்தையே மாற்றினார்கள். இப்போது 145பி பிரிவின்படி இழப்பீட்டின் மேல் வரும் வட்டி, நீங்கள் எந்தக் கணக்கு முறையைப் பின்பற்றினாலும், கைக்கு வந்த வருடத்து வருமானம். பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அதற்கு ஈடாக 57-ஆம் பிரிவில் பாதி வட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துக்கொள்ளலாம். வக்கீல் கட்டணம் என்று தனியாக வேறு எதையும் கழிக்க முடியாது.

இது பார்க்கும் அளவுக்கு மோசமில்லை. 18 லட்சம் வட்டி வந்த ஒருவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால், 9 லட்சம்தான் வரிக்கு உட்பட்டது. புதிய முறையில் அது 12 லட்சத்துக்குள், வரி பூஜ்யம். ஆனால் டிடிஎஸ் 18 லட்சத்துக்கும் பிடிப்பார்கள், 1,80,000 போய்விடும். ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். 'எங்களுக்கு விவசாய வருமானம்தான், ரிட்டர்ன் எதற்கு' என்று இருந்துவிடுபவர்கள் அந்தப் பணத்தை இழக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வட்டியில் ஒரு வகை, வட்டியே அல்ல, இழப்பீட்டின் ஒரு பகுதி என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகும் அது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. பெரிய தொகை என்றால் இதில் அனுபவமுள்ள ஆடிட்டரைப் பார்க்காமல் ரிட்டர்ன் போடாதீர்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் தனிநபருக்கு வழங்கும் வட்டியை வரியிலிருந்து விலக்குவதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அது நல்ல காரியம்.

வரித்துறையே தாமதமாக ரீஃபண்ட் தரும்போது மாதம் அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தருகிறது அல்லவா, அதுவும் வருமானம்தான். வந்த வருடத்தில் காட்ட வேண்டும். ரீஃபண்ட் தொகைக்கு வரி இல்லை, வட்டிக்கு மட்டும்.

உங்களைப் போல அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள் குமுலேட்டிவ் டெபாசிட் வைத்திருந்தால் கூடுதலாக ஒன்று. டிடிஎஸ் போக வருட வரி பாக்கி 10,000-ஐத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். மார்ச்சில் மொத்தமாக வந்தது, ஜூனிலேயே எனக்கு எப்படித் தெரியும் என்ற சமாதானம் டிவிடெண்டுக்கும் லாட்டரிக்கும் செல்லும், வட்டிக்குச் செல்லாது.

டெபாசிட் நடுவில் இருக்கும்போது உரியவர் இறந்துபோனால் என்ன என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. சேரச் சேரக் காட்டும் முறையில், இறந்த நாள் வரையிலான வட்டி அவருடைய வருமானம், வாரிசு அவர் சார்பில் ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குப் பிந்தைய வட்டி வாரிசுடையது. நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான். வங்கிக்கு உடனே தெரிவிக்காமல் விட்டால் டிடிஎஸ் முழுதும் இறந்தவர் பான் எண்ணிலேயே ஏறிக்கொண்டிருக்கும், அதை மீட்பது பெரும்பாடு.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. ஆனால் உங்கள் அப்பாவின் இந்த ஐந்து வருடங்களும் 1961 சட்டத்தின் கீழ் வருபவை, அதனால் மேலே சொன்ன எண்களையே பயன்படுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வங்கியிடம் ஐந்து வருடங்களுக்கும் தனித்தனி வட்டிச் சான்றிதழ் கேளுங்கள். போர்டலில் ஐந்து வருட 26ஏஎஸ்-ஸையும் போட்ட ரிட்டர்ன்களையும் இறக்கி, டிடிஎஸ் எடுத்திருக்கிறாரா என்று வருடவாரியாகப் பாருங்கள். 2025–26 ரிட்டர்னில் அந்த வருட வட்டியை மட்டும் காட்டி ஜூலை 31-க்குள் போட்டுவிடுங்கள். ஐடிஆர்-யுக்களை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போடலாம், ஆனால் 2027 மார்ச் 31-ஐத் தாண்ட விடாதீர்கள். அன்றோடு 2021–22-க்குக் கதவு மூடிவிடும், மற்ற வருடங்களுக்குக் கூடுதல் வரி ஒரு படி ஏறிவிடும். துறையிடமிருந்து மறுமதிப்பீட்டு நோட்டீஸ் ஏதாவது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று அப்பாவின் பழைய மின்னஞ்சலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வந்திருந்தால் முதலில் அதை ஆடிட்டரிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.